தூண்டிலில் அகப்படும் பிற மீன்கள்

மாரியில் நிரம்பிய குளங்களிலே தூண்டிலிடுவோர் மாலையில் ஒருவருக்கொருவர் கூறும் செய்தி பெரும்பாலும் விராலைப் பற்றியதே. உடுவிற் கமக்காரர் பிற மீன்களைப் பற்றியும் விசாரித்தல் வேண்டும். விரால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பதால், பிராணவாயு குறைந்த நீரிலும் பிழைத்திருக்கும். 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் வன்மையுடையதே. சிறு கெண்டைக்கு அவ்வாற்றல் இல்லை. நீர் கெட்டால் அது முன்னதாக மடியும். கெண்டை மிகுந்திருந்த குளத்தில் இப்பொழுது ஒன்றேனும் அகப்படவில்லையாயின், தோட்டத்து மருந்து மழைநீருடன் அங்கு வந்து சேர்ந்ததோ என ஆராய்க. அக்குளத்து நீரே சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி நம் கிணறுகளை அடைகின்றது. ஆதலால் தெளிகருவியைக் குளத்திற் கழுவற்க. வெற்று மருந்துப் போத்தல்களையும் அங்கு எறியற்க. மீன்கள் செத்து மிதப்பின் அவற்றை உண்ணாது, மாடுகளையும் அந்நீர் குடிக்க விடாது, விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவிக்க.