எதற்காகச் சொன்னார்கள்? கணினி ஆய்வகத்தில் கூட்டுக் கற்றல்

ஒரு கணினிக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர் என்பதுதான் நம்மில் பலருடைய ஆய்வக நிலவரம். அருகருகே உட்கார வைத்துவிட்டால் மட்டும் அது கூட்டுக் கற்றல் ஆகிவிடாது என்பதைக் கணினி அறிவியல் நடத்தும் எவரும் அறிவர். சுட்டி ஒருவர் கையிலேயே இருக்கும். மற்றவர் திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். பெரும்பாலும் அந்த மற்றவர், வீட்டில் கணினி இல்லாத பிள்ளை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் அந்தப் பிள்ளை தனியாக அமர்ந்துதான் பைத்தான் நிரலை எழுதி இயக்கிக் காட்ட வேண்டும்.

இதற்கு மென்பொருள் துறையிலேயே ஒரு வழி உண்டு. கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட நூலின் வழியே பரவலான இணை நிரலாக்கம். ஒருவர் விசைப்பலகையில் இருப்பார். மற்றவர் அடுத்த வரியை யோசித்து, பிழையைக் கண்காணித்து வழி சொல்வார். என் மாணவர்கள் இதற்கு டிரைவர், கண்டக்டர் என்று பெயர் வைத்தார்கள். உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விசில் இல்லாமல் வண்டி நகராது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாற வேண்டும் என்பது பலகையில் எழுதியிருக்கும் விதி.

வாய்பாடு அச்சிடும் நிரல் நடந்த நாளில் இரண்டு ஜோடிகளுக்குள் வழக்கு வந்தது. முதல் ஜோடி மணி அடித்ததும் மாறிக்கொண்டது. ஆனால் நன்றாகத் தெரிந்தவன் கண்டக்டர் ஆனதும், "ரெண்டு புள்ளி வை, என்டர் தட்டு" என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான். டிரைவர் வெறும் தட்டச்சுப் பொறி. இரண்டாம் ஜோடி மாறவே இல்லை. அவர்களுடைய வாய்பாடு ஒன்பதோடு நின்றுவிட்டது. 'ரேஞ்ச்(1, 10)' என்று கொடுத்தால் பைத்தான் பத்தைத் தொடாது, பதினொன்று என்று கொடுக்க வேண்டும் என்பதை, விசைப்பலகையைத் தொடாத மாணவிதான் கண்டுபிடித்து விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்க மாறவே இல்லைங்க மிஸ்" என்றது முதல் ஜோடி.

"ரெண்டு பேரும் கத்துக்கோணும்னுதானுங்க மாறச் சொன்னீங்க?" என்றாள் அவள்.

அப்போது கரும்புக்கடையிலிருந்து வரும் ஒரு மாணவன், "எங்க மதரஸாவுல ஹஜ்ரத் இதே மாதிரி ஒண்ணு சொன்னாருங்க மிஸ்" என்று எழுந்தான். அவன் சொன்னது புகழ்பெற்ற நபிமொழி ஒன்று. கி.பி. 627இல் அகழ்ப்போர் முடிந்த கையோடு, பனூ குறைழா குடியிருப்பைச் சென்று சேராமல் யாரும் அஸர் தொழ வேண்டாம் என்று நபிகள் நாயகம் தம் தோழர்களை அனுப்புகிறார். வழியிலேயே தொழுகை நேரம் வந்துவிடுகிறது. சொன்ன சொல்லே விதி என்று ஒரு பிரிவினர் தொழாமல் நடந்தார்கள். விரைந்து போக வேண்டும் என்பதுதான் அந்தச் சொல்லின் கருத்து என்று மற்றவர்கள் வழியிலேயே தொழுதுவிட்டுப் போனார்கள். செய்தி நபிகளிடம் சென்றபோது இரு சாராரில் எவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். இப்னு உமர் வழியாக வரும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரு தொகுப்புகளிலும் உள்ளது. முஸ்லிமில் அஸருக்குப் பதில் லுஹர் என்றிருக்கிறது. அறிஞர்கள் இதை நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம், தாம் அங்கே இருந்திருந்தால் எவ்வளவு நேரமானாலும் அங்கு போய்த்தான் தொழுதிருப்பேன் என்ற கட்சி. டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கய்யிம், பின்னாளில் சொல்லைப் பிடித்தவர்களுக்கும் கருத்தைப் பிடித்தவர்களுக்கும் இந்த இரு சாராரே முன்னோடிகள் என்கிறார். விதியை அதன் நோக்கத்தோடு வாசிக்கும் முறைக்கு 'மகாஸித்' என்று பெயர். 1388இல் மறைந்த கிரனடாவின் ஷாத்திபி அதை விரிவாக வளர்த்தவர்.

அரசுப் பள்ளியில் இதைப் பேசலாமா என்ற கேள்வி எழும். அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு தடுப்பது சமய போதனையை. ஒரு கட்டளையை இரு நேர்மையான கூட்டத்தார் இரு விதமாக வாசித்தார்கள் என்று ஒரு மாணவன் எடுத்துக்காட்டுச் சொல்வது போதனை ஆகாது என்பது என் கருத்து. வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அன்று கட்சி பிரிந்து வாதாடினார்கள். எந்தக் கட்சியிலும் ஒரே சமயத்தவர் மட்டும் இல்லை.

நோக்கம் என்ற பெயரில் விதியை வளைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். வழியில் தொழுதவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை, தொழுததும் புறப்பட்டுவிட்டார்கள். இதையும் அந்த மாணவனே சுட்டிக்காட்டினான். எனவே மாறாத ஜோடியும் நோக்கம் நிறைவேறியதைக் காட்டியாக வேண்டும் என்று வகுப்பு தீர்மானித்தது. இருவரையும் தனித்தனியே அழைத்து ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டோம். அவள் தடையின்றிச் சொன்னாள். ஆனால் புதுக் கோப்பில் தட்டச்சு செய்யச் சொன்னபோது உள்தள்ளலில் தடுமாறினாள். விரலுக்கும் பயிற்சி வேண்டும் என்பது விதியின் இன்னொரு நோக்கம், அது அங்கே நிறைவேறவில்லை. முதல் ஜோடியின் டிரைவருக்கோ 'ரேஞ்ச்' எதற்கு என்றே தெரியவில்லை. குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியே பொறுப்பு என்று ஜான்சன் சகோதரர்கள் கூட்டுக் கற்றலுக்கு வைத்த நிபந்தனை, அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

கணினிக்குச் சொல் மட்டும்தான் தெரியும். பத்து வரை வேண்டும் என்று நாம் நினைத்தது அதற்குத் தெரியாது. நிரல் எழுதுகிறவர் நோக்கத்தைச் சொல்லாக மாற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பவரோ சொல்லிலிருந்து நோக்கத்தை எடுக்க வேண்டும். கண்டக்டர் இருக்கைக்கு அந்த வேலையைத்தான் இப்போது தருகிறேன்: டிரைவர் அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் "எதற்கு?" என்று கேட்பது.

இப்போது பலகையில் ஒவ்வொரு விதியின் கீழும் 'எதற்காக' என்று ஒரு வரி உண்டு. அதை மாணவர்களே எழுதுகிறார்கள். இடம் மாறும் விதிக்குக் கீழே, புதிதாக அமர்பவர் முந்தைய மூன்று வரிகளைத் தன் சொல்லில் சொன்ன பிறகே தட்டச்சைத் தொடலாம் என்று சேர்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்பதற்குக் கீழே 'தூசி வராமல் இருக்க' என்று எழுதினார்கள். அடுத்த மழை நாளில் சேற்றுக் காலோடு வந்த பிள்ளைகள் வாசலில் நின்று அதைப் படித்துவிட்டு, சத்துணவுக் கூடத்துக்குப் போய் ஒரு பழைய சாக்கு வாங்கி வந்து விரித்தார்கள்.