ஈச்வர வாதத்தில் சாதிக்கும் பொறுப்பு யாருடையது?

ஈச்வரன் உளன் என்போர் ஒருபுறமும் இலன் என்போர் ஒருபுறமுமாக நின்று வாதிடுவது நமது தேசத்திற்குப் புதிதன்று. உத்ஸவ காலங்களில் ஸேவைக்கு வரும் குடும்பங்களிலேயே, கல்லூரியில் பயிலும் பிள்ளை தன் பாட்டனாரிடம், "உண்டு என்று சொல்பவர் நீங்கள்தாமே, தாத்தா? நீங்களே நிரூபியுங்கள்" என்று கேட்பதும், "இல்லை என்று நீ நிரூபித்துக் காட்டடா" என்று பெரியவர் திருப்பிக் கேட்பதும், அத்துடன் பேச்சு முறிந்து இருவர் முகமும் வாடுவதும் காணக்கூடியவையே. கேட்ட பிள்ளையை நாஸ்திகன் என்று கடிந்து அனுப்பிவிடுவது எளிது. நம் பூர்வாசார்யர்கள் அவ்வாறு செய்தாரில்லை. சாதிக்கும் பொறுப்பு எவரைச் சார்ந்தது என்னும் இவ்வொரு வினாவையே நியாய, மீமாம்ஸா, வேதாந்த சாஸ்திரங்கள் பல நூற்றாண்டுகள் நுணுகி ஆராய்ந்துள்ளன.

லோக வியவஹாரத்தில் பிள்ளையின் கேள்விக்கு ஆதரவு உண்டு. ஓர் உரிமையைச் சில உண்மைகளைக் காட்டிக் கோருபவன், அவ்வுண்மைகள் உள்ளன என்பதைத் தானே மெய்ப்பிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 101ஆம் பிரிவில் விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தைப் பாரதீய ஸாக்ஷ்ய அதிநியமம் பெற்ற பின்னரும் அவ்விதி மாறவில்லை. நாகர்கோயில் நீதிமன்றத்தில் வரப்புத் தகராற்றுக்காக ஏறி இறங்கிய நாஞ்சில் நாட்டு வேளாளர் எவரும் இதனை நன்கறிவர். ஆயினும் நீதிமன்றம் ஒரு நாள் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டிய இடம். இரு தரப்பும் சோர்ந்தால் யாருக்குத் தோல்வி என்பதற்காக வகுத்த விதி அது. தத்துவ விசாரத்திற்கு அத்தகைய கெடு கிடையாது.

கௌதம மஹரிஷியின் நியாய ஸூத்திரம், வாதம், ஜல்பம், விதண்டை என மூன்று வகைப் பேச்சினைக் கூறும். உண்மையை அறியும் நோக்குடன் இரு தரப்பாரும் தத்தம் பக்ஷத்தைப் பிரமாணங் காட்டி நிறுவுவது வாதம். எவ்வகையாலேனும் வெல்வதே குறியாக நிகழ்வது ஜல்பம். தனக்கென ஒரு பக்ஷத்தை நிறுவாமல் பிறர் பக்ஷத்தை இடித்துக்கொண்டே செல்வது விதண்டை. இதனால் விளங்குவது யாதெனில், பிரதிஜ்ஞை செய்பவன் எவனோ அவனே ஹேது கூறக் கடமைப்பட்டவன். "ஈச்வரன் உளன்" என்பது பிரதிஜ்ஞை. "ஈச்வரன் இலன்" என்பதும் அங்ஙனமே பிரதிஜ்ஞையே. சொல்லில் இல்லை என்பது வந்துவிட்டதால் மட்டும் பொறுப்பு நீங்காது. "அறியேன்" என்பவன் ஒருவனுக்கே பொறுப்பில்லை. அவனுடையது ஸம்சயம், நியாய சாஸ்திரம் தன் பதினாறு பதார்த்தங்களுள் ஒன்றாக வைத்து மதிப்பது.

மறுக்கப்படாத காரணத்தால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது என்பதற்கு ஸ்ரீ ஆளவந்தாரின் இளமை வரலாறு நல்ல சான்று. பிறர் கூறும் எதனையும் மறுத்துவிடுவதாகச் செருக்குற்றிருந்த ஆக்கியாழ்வான் என்னும் வித்வானிடம், சோழன் ஸபையில், பாலகரான யாமுனர் மூன்று கூற்றுக்களை வைத்து மறுக்கச் சொன்னார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். வித்வானின் தாய் மலடியல்லள், அரசன் தர்மவான், அரசி பதிவிரதை. எதனை மறுத்தாலும் தலைக்குக் கேடு! வித்வான் வாயடைத்து நின்றார். பின்னர் யாமுனரே, தனிமரம் தோப்பாகாததுபோல ஒரு மகவை ஈன்றவள் மலடிக்கொப்பு என்றும், குடிகள் செய்யும் பாபம் அரசனைச் சேரும் என்றும், கன்னிகை மணமகனுக்கு முன்பே அக்னி முதலான தேவதைகளுக்குரியவள் ஆகிறாள் என்றும் சாஸ்திர வழியில் மூன்றனையும் மறுத்துக் காட்டினார். இவ்வரலாற்றை வெற்றிக் கதையாகவே சொல்லிச் செல்வது வழக்கம். அதன் உட்பொருள் இன்னும் கூர்மையானது: எதிரி வாயடைத்தபோதும் அக்கூற்றுக்கள் நிறுவப்பட்டனவாகவில்லை. "நீ மறுக்கவில்லை, ஆகவே உளன்" என்னும் பாட்டனார் இதனை நினைக்கக் கடவர்.

மேனாட்டிலும் இவ்வாதம் நடந்தது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே, தொலைநோக்கிக்கும் புலப்படாத ஒரு தேநீர்க் கெண்டி ஸூர்யனைச் சுற்றுகிறது என ஒருவன் சொன்னால், பொய்யென்று காட்ட இயலாமையால் அதனை எவரும் நம்பவேண்டியதில்லை என்று பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1952இல் எழுதினார். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவனை நிரபராதி எனக் கொள்வதுபோல, நிரூபிக்கும் வரை ஈச்வரனை ஏற்காமையே தொடக்க நிலை என்று ஆண்டனி ஃப்ளூ 1972இல் வாதிட்டார். அவரே 2004இல் ஜகத்காரணமான ஒரு பொருளை ஏற்கத் தலைப்பட்டார். இதனைக் கொண்டு நம்மவர் வெற்றி முழக்கம் செய்வதுண்டு, அது தகாது. ஒருவர் மனம் மாறியமை பிரமாணங்களுள் எண்ணப்படுவதன்று.

இலன் என்னும் பக்ஷத்திற்கு விடை கூறியவர்களுள் முதன்மையானவர் பத்தாம் நூற்றாண்டினரான உதயநாசார்யர். காணாமையால் இன்மை ஸித்திக்க வேண்டுமாயின், அப்பொருள் இருந்தால் காணத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்று தம் நியாய குஸுமாஞ்ஜலியில் அவர் நிறுவினார். திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாளை மூன்று திருவாசல்களின் வழியே ஸேவிக்கிறோம். ஒரு வாசலில் நின்று திருமுகமண்டலத்தை மட்டும் ஸேவித்தவன், திருவடி தெரியாமையால் திருவடி இல்லை எனலாகாது. அங்கிருந்து அது காணத்தக்கதன்று. பட்டப்பகலில் பிராகாரத்தில் நின்று யானை இல்லை என்றால் அது சரியான பேச்சு, இருந்திருப்பின் தெரிந்திருக்கும். கண்டதே மெய் என்னும் சார்வாகன் வீட்டைவிட்டு வெளியே சென்றால், மனைவி மக்களைக் காணாமையால் அவர்கள் இல்லாமற்போயினர் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழவேண்டியதுதான் என்று உதயனர் எள்ளினார். இந்த விடை இலன் என்னும் வாயை அடைக்கும். உளன் என்பதை நிறுவாது. ரஸ்ஸலின் கெண்டியும் காணத்தக்கதன்றே!

எனவே உதயனர் தம் பொறுப்பைத் தாமே ஏற்றார். குடம் ஒரு காரியம், அதற்குக் குயவன் உளன். மண்ணும் மலையும் காரியம், ஆகவே அவற்றிற்கும் ஒரு கர்த்தா உளன் என்பது முதலாக அனுமானங்களை அடுக்கினார். பௌத்தர்கள் இதனை விடாது தாக்கினர். விக்ரமசீலத்து ரத்நகீர்த்தி இதனை மறுப்பதற்கென்றே ஈச்வரஸாதந தூஷணம் என்னும் நூல் செய்தார்.

வியப்பு யாதெனில், அந்த அனுமானத்தை மறுப்பதில் நம் எம்பெருமானாரும் பின்னிடவில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்திரயோநித்வாதிகரணத்தில், பரப்ரஹ்மம் அனுமானத்தால் ஸித்திக்கும் என்பாரை ஸ்ரீ ராமாநுஜர் விரிவாக மறுக்கிறார். ஜகத்து காரியமே ஆயினும், அது ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டது என்பதற்குச் சான்று யாது? சுசீந்திரம் கோபுரத்தை நோக்கினால் இது எளிதில் விளங்கும். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய அப்பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முற்றுப்பெற்றது. எத்தனை தலைமுறைச் சிற்பிகள், எத்தனை அரசர்! கோபுரத்தைக் கண்டு கர்த்தா உண்டென்று ஊகிக்கலாம். ஒருவனே கர்த்தா என்று ஊகித்தால் பிழை. மேலும் நாம் காணும் கர்த்தாக்கள் யாவரும் சரீரமுடையோர், கர்ம வசப்பட்டோர். குயவனை உதாரணமாகக் கொண்டால், ஸித்திப்பவன் குயவனைப் போன்றவனாகவே இருப்பான். அகில ஹேய ப்ரத்யநீகனான ஸ்ரீமந்நாராயணன் அவ்வழியில் ஸித்தியான்.

எம்பெருமானார் இங்ஙனம் ஏன் செய்தார்? பிற பிரமாணத்தால் அறியப்படாததை அறிவிப்பதே சாஸ்திரத்தின் பயன். அனுமானமே ப்ரஹ்மத்தைக் காட்டிவிடுமாயின் வேதாந்தம் அங்கே மிகையாகிவிடும். நையாயிகர்க்கோ வேறு நெருக்கடி. அவர்கள் வேதத்தை ஈச்வரன் செய்தது என்பர். வேதத்தைக் கொண்டு ஈச்வரனையும் ஈச்வரனைக் கொண்டு வேதத்தையும் நிறுவினால் அந்யோந்யாச்ரயம் என்னும் தோஷம் வரும். ஆகவே அவர்கட்கு அனுமானம் இன்றியமையாதது. வேதம் அபௌருஷேயம் என்று கொள்ளும் வேதாந்திகளுக்கு அந்நெருக்கடி இல்லை. ஆளவந்தாரின் ஈச்வர ஸித்தியில் அனுமான வாதம் விரிவாகக் காணப்படுகிறதே எனின், அந்நூல் குறைப்பட்டே கிடைத்துள்ளது. அதுவே அவரது முடிவு என்று கொள்வது துணிபாகாது.

அனுமானத்தை விட்டபின் பொறுப்பு எங்கே நிற்கிறது? இங்கு மீமாம்ஸகர்களின் ஸ்வத:ப்ராமாண்யம் துணைக்கு வரும். ஓர் அறிவு பிறந்தவுடன் அது தானே பிரமாணமாக நிற்கும்; அதற்கு முரணான வேறோர் அறிவு தோன்றினாலும், அறிவு பிறந்த மூலத்தில் குறை வெளிப்பட்டாலும் மட்டுமே அது தள்ளப்படும். நாகர்கோயிலில் இறங்கிய யாத்ரிகர் திருப்பதிசாரத்திற்கு வழி கேட்கிறார், பூ விற்கும் அம்மையார் வழி சொல்கிறார், யாத்ரிகர் நடக்கிறார். அம்மையார் மெய் பேசுவார் என்பதற்கு முதலில் சாட்சி கொண்டுவரச் சொல்பவர் எவருமில்லை. ஒவ்வோர் அறிவிற்கும் வேறோர் அறிவு சான்றாக வேண்டுமெனில், அச்சான்றுக்கும் சான்று வேண்டும், முடிவில்லை. ஆதலின் குறை உண்டென்பவனே குறையைக் காட்ட வேண்டும்.

இது வலிய வாதம். எனினும் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். வேதம் அபௌருஷேயம் என்பதும் ஒரு பிரதிஜ்ஞையே. மீமாம்ஸகர் அதனை வெறுமனே கூறிவிட்டு அமரவில்லை. கர்த்தா ஒருவர் இருந்திருப்பின், இடையறாத அத்யயன பரம்பரையில் நினைக்கப்பட்டிருப்பார் என்று ஹேது கூறினர். நையாயிகர் அதனை ஏற்கவில்லை. தம் நூலுக்கும் இதே சலுகை வேண்டுமெனப் பிற சமயத்தார் கேட்பின், அதற்கும் விடை கூறக் கடமை உண்டு. ஸ்வத:ப்ராமாண்யம் ஆஸ்திகன் தன் நம்பிக்கையில் நிலைத்து நிற்கப் போதும். வேதத்தை ஏற்காதவனை ஏற்கச்செய்ய அது போதாது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதாலேயே வீடுகளில் பூசல் மூள்கிறது. "என் ஆசார்யர் வழி வந்ததை நான் பற்றுகிறேன், அதில் குறை கண்டாயாகில் சொல், கேட்கிறேன்" என்று பாட்டனார் சொல்லலாம். "எனக்கு இன்னும் துணிவு பிறக்கவில்லை" என்று பேரன் சொல்லலாம். இருவரும் எதனையும் மறைக்கவில்லை. ஸாங்க்ய ஸூத்திரத்தில் ஈச்வரன் ஸித்திக்கவில்லை என்னும் பொருளிலேயே சொல் அமைந்துள்ளது, ஈச்வரன் இல்லை என்னும் பொருளில் அமையவில்லை என்று அதன் உரைகாரர் விஜ்ஞாநபிக்ஷு வேறுபாடு காட்டியதும் இங்குக் கருதத்தக்கது.

இவ்வாதங்கள் வடதேசத்திற்கே உரியன என்று எண்ணவேண்டா. 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்துப் பெற்ற இடத்தில் விஷ்ணு ஆலயம் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, 95 சட்டர்கள் பயிலும் சாலையும் நிறுவினான். அதில் சேர்வோர் வியாகரணம், மீமாம்ஸை, பௌரோஹித்யம் ஆகியவற்றில் தேர்ச்சியுடையவராதல் வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. அம்மீமாம்ஸையோ வேதத்தைத் தலைமேற்கொண்டும் ஜகத்கர்த்தாவை ஏற்காத சாஸ்திரம்! பெருமாள் ஸந்நிதியின் நிழலிலேயே அது பயிலப்பட்டது. அதே ஆய் மரபின் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், ஜகத்கர்த்தா என ஒருவனைக் கொள்ளாத ஜைனர்களின் சிதறால் மலைக்கும் தானம் வழங்கப்பட்டதைக் கல்வெட்டு காட்டுகிறது. பார்த்திவசேகரபுரச் சாலையில் சட்டர்கள் ஒருவரையொருவர் வைது பேசினால் தண்டம் உண்டு; ஆயுதத்துடன் கூட்டத்திற்கு வருதலும் ஆகாது.