சாயாத நெல்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் தொழிற்சாலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. மோட்டார் வண்டிகள் உருவாகும் அக்கூடங்களுக்கு அப்பால், ஏரி நீர் பாயும் வயல்கள் இன்னும் எஞ்சியுள்ளன. அவ்வயல்களில் இன்று விளையும் நெல் பெரும்பாலும் இடுப்பளவே வளர்வது. முன்னோர் பயிரிட்ட நெல்லோ மார்பளவு ஓங்கி நின்றது. இவ்வேற்றுமைக்குப் பெரிதும் காரணமாயிருப்பது ஒரே ஒரு மரபணு.

நெட்டை நெல்லுக்கு உரம் மிகுதியாக இட்டால் கதிர் கனக்கும். தாள் அதனைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு காற்றும் சேர்ந்துவிட்டால் பயிர் சாய்ந்து நீரில் கிடக்கும். மணிகள் முளைத்துக் கெடும். ஒரு போகத்து உழைப்பு முழுவதும் ஓர் இரவில் பாழாவதுண்டு.

1962-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ‘பீட்டா’ என்னும் நெட்டை நெல்லையும், ‘டீ-ஜியோ-ஊ-ஜென்’ என்னும் தைவான் குட்டை நெல்லையும் இனக்கலப்புச் செய்தனர். இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செடிகள் குட்டையாயிருந்தன. உயரத்தைக் குறைப்பது ஒற்றை மரபணுவே என்பது அதனால் விளங்கிற்று. அக்கலப்பின் வழியே 1966-இல் வெளிவந்தது ஐ.ஆர். 8. தமிழக உழவரும் அதனைப் பயிரிட்டனர். ஆறிய சோறு விறைத்துப் போயிற்று என்பது மெய்யே. ஆயினும் உணவுப் பற்றாக்குறை நாட்டை வாட்டிய அந்நாளில் அதனைப் பெருங்குறையாகக் கொள்வதற்கில்லை.

அம்மரபணு செய்வது யாது? செடியினுள் ‘ஜிப்ரெல்லின்’ என்னும் ஹார்மோன் தூதனைப்போல் இயங்குகிறது. தண்டின் உயிரணுக்களில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதம் ஒன்று காவல் நிற்கிறது. ஜிப்ரெல்லின் வந்து, தன்னை ஏற்கும் மற்றொரு புரதத்தோடு சேர்ந்தவுடன், அக்காவற்புரதம் சிதைக்கப்படுகிறது, உயிரணுக்கள் நீளுகின்றன, தாள் உயருகிறது. ஜிப்ரெல்லின் உண்டாவதற்கு வேண்டிய நொதிகளுள் ஒன்றை ஆக்கும் மரபணு, தைவான் நெல்லில் பழுதுற்றிருந்தது. மரபணுவை ஒரு வாசகம் எனக் கொண்டால், அதில் 383 எழுத்துகள் விடுபட்டிருந்தன. இவ்வுண்மையை அறிஞர்கள் 2002-இல் கண்டறிந்தனர். ஹார்மோன் குறையவே தூது மெலிந்தது. தாள் குறுகி உறுதி பெற்றது.

அங்ஙனமாயின் கதிரும் குன்றவேண்டுமன்றோ? குன்றவில்லை, இதுவே பெருவியப்பு. அதே நொதித்தொழிலைச் செய்யும் வேறொரு மரபணு பூக்களில் இயங்குகிறது; ஆதலின் மணி பிடிப்பதற்கு ஊறு நேர்வதில்லை.

குட்டைக் கோதுமையின் செய்தி வேறு. அதில் ஹார்மோனுக்குக் குறைவில்லை. காவற்புரதமே மாறுபட்டுத் தூதைச் செவிமடுக்காமல் நிற்கிறது. எனவே, ஜிப்ரெல்லினைத் தெளித்தால் குட்டை நெல் நெடிது வளரும். குட்டைக் கோதுமையோ குட்டையாகவே நிற்கும்.