பி 8, எஸ் 3/6, 01: முதல் ஜெர்மன் நீராவி இன்ஜின் மாடலாக எதை வாங்கலாம்?

ஜெர்மனியின் பழைய பயணிகள் ரயில் இன்ஜின் மாடலை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்த மயக்கத்தில்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த இன்ஜின்களின் அழகு அப்படி. ஆனால் விலை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த வகைத் தண்டவாளம் போடப்போகிறோம் என்ற இரண்டும் தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் மாடல் வாங்குகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று இன்ஜின்கள் வந்து நிற்கும். மனதைப் பறிப்பது பவேரியாவின் எஸ் 3/6. 1908-இல் மியூனிக் மாஃபை ஆலையிலிருந்து முதல் இன்ஜின் வெளிவந்தது. 1931 வரை மொத்தம் 159 கட்டினார்கள். அதற்கு நான்கு சிலிண்டர்கள். உள்ளே இருக்கும் இரண்டில் வேலை செய்த நீராவி, வெளியே இருக்கும் இரண்டு பெரிய சிலிண்டர்களில் மறுபடியும் வேலை செய்யும். அதனால்தான் மாடலிலும் வெளிச் சிலிண்டர்கள் அவ்வளவு பருமனாகத் தெரிகின்றன. முகப்பில் புகைப்பெட்டிக் கதவு கூம்பு போல முன்னால் நீண்டிருக்கும். 1928-இல் தொடங்கிய ரைன்கோல்டு சொகுசு ரயிலை இழுத்ததும் இந்த வகைதான்.

தனித்தனி மாநில ரயில்வேக்கள் ஒன்றான பிறகு நாடு முழுமைக்கும் பொதுவாக வடிவமைக்கப்பட்டது 01. முதல் இன்ஜின்கள் 1926-இல் ஓட வந்தன. இரண்டே சிலிண்டர்கள், இரண்டு மீட்டர் விட்டமுள்ள இயக்கச் சக்கரங்கள், கறுப்பு உடல், சிவப்புச் சக்கரங்கள். ஜெர்மன் நீராவி இன்ஜின் என்றதும் பலர் மனதில் எழும் உருவம் இதுதான்.

மூன்றாவது, பிரஷ்யாவின் பி 8. ராபர்ட் கார்பேயின் பொறுப்பில் உருவாகி 1906-இல் வந்தது. இதன் சக்கரம் 1.75 மீட்டர்தான். ஆனால் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பிறகு இழப்பீடாகப் பல பி 8 இன்ஜின்கள் வெளிநாடுகளுக்குப் போயின. மேற்கு ஜெர்மனியில் 1974 வரை ஓடியது.

இனி இடக்கணக்கு. 1:87 விகிதமுள்ள ஹெச்ஓ அளவில் 01 ஏறக்குறைய 27.5 சென்டிமீட்டர் நீளம் வரும். எஸ் 3/6 சுமார் 25, பி 8 சுமார் 21. இந்த ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் அலமாரியில் தெரியாது, வளைவில் தெரியும். மாடல் ரயில் கம்பெனியான மெர்க்லினின் வழக்கமான வளைவுத் தண்டவாளங்களில் சிறியதற்கு ஆரம் 36 சென்டிமீட்டர். அந்த வளைவில் 01 திரும்புவதை மேலிருந்து பாருங்கள். முன் பலகை தண்டவாளத்தை விட்டு வெளியே துருத்தும். பின்னால் இன்ஜினுக்கும், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டிக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டும் இடித்துக்கொள்ளும். பின்சக்கரம் இல்லாத குட்டையான பி 8-க்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றால், ஆரம் 50 சென்டிமீட்டருக்கு மேல் வைக்க முடியுமா என்று முதலில் தரையில் சாக்பீஸால் வரைந்து பாருங்கள்.

இடமே இல்லை என்பவர்களுக்கு 1:160 விகிதமுள்ள ‘என்’ (N) அளவு இருக்கிறது. அதில் 01-க்கு 15 சென்டிமீட்டர் போதும். ஆனால் நீராவி இன்ஜினின் உயிர் அதன் பக்கவாட்டுத் தண்டுகள் ஏறி இறங்கும் அசைவில் இருக்கிறது. அதைக் கண்ணுக்கு இதமாகப் பார்க்க ஹெச்ஓ வேண்டும் என்பது என் கருத்து.

பணம் வீணாவது அதிகம் தண்டவாள விஷயத்தில்தான். மெர்க்லின் முறையில் கட்டைகளின் நடுவே சிறு உலோகப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், இன்ஜினின் அடியில் உள்ள நீண்ட உலோகப் பட்டை அவற்றை உரசி மின்சாரம் எடுக்கும். ஃபிளைஷ்மன், ரோக்கோ போன்ற கம்பெனிகள் வளர்த்த இரு தண்டவாள முறையில் இடது தண்டவாளத்திலிருந்தும் வலது தண்டவாளத்திலிருந்தும் சக்கரங்களே மின்சாரம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. மெர்க்லின் இன்ஜினின் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லாததால் இரு தண்டவாளப் பாதையில் வைத்தவுடன் ஷார்ட் ஆகிவிடும். பல கம்பெனிகள் ஒரே இன்ஜினை இரண்டு வகையிலும் விற்கின்றன, வெளித்தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. அதனால் கடையில் இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றைப் பாருங்கள். பட்டை இருக்கிறதா, இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பழைய மாடல் வாங்கினால் இன்னும் இரண்டு விஷயங்கள். மோட்டார் சிலவற்றில் இன்ஜினிலும் சிலவற்றில் டெண்டரிலும் இருக்கும். அது இருக்கும் இடத்துச் சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அந்த வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இழுவை போய்விடும், ஆனால் மாற்றுவது எளிது. வளைந்த பக்கத்தண்டு அப்படியல்ல, அதைப் பார்த்தால் வாங்க வேண்டாம். ஒலி வரும் மாடல் என்றால் மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். இந்த மூன்று வகையிலும் இயக்கச் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நான்கு முறை புகைபோக்கி ஓசை வர வேண்டும்.

காலப்பொருத்தமும் முக்கியம். 01-இன் முகப்பின் இருபுறமும் காது போல நிற்கும் பெரிய புகைத்தகடுகள் போருக்கு முந்தைய தோற்றம், சிறிய தகடுகள் பிற்காலத் தோற்றம். 1930-களின் பெட்டிகளோடு சிறிய தகடு மாடலை இணைத்தால், தெரிந்தவர் கண்ணை உறுத்தும்.

அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும் என்றால் எஸ் 3/6 வாங்குங்கள், அதன் அழகுக்கு ஈடு இல்லை. ஓட்டுவதற்கு முதல் இன்ஜின் என்றால் பி 8. சிறிய வளைவிலும் ஓடும். கிராமத்துப் பாசஞ்சர் பெட்டியோ விரைவு ரயில் பெட்டியோ, எதன் முன்னால் நிறுத்தினாலும் பொருந்தும். 01-ஐப் பெரிய வளைவு போட இடம் கிடைத்த பிறகு வாங்கலாம்.