ஃபெயில் ஆகும் ஜே-பவுச்சா, நிரந்தர இலியோஸ்டமியா? கணக்கு போட்டுப் பார்க்கலாம்

வீடியோவில் வேகமா சொல்லிட்டுப் போன கணக்கை இங்கே நிதானமா பார்க்கலாம். தலைப்பு கொஞ்சம் கனமானது. ஆனா இருபது, முப்பது வயசுல வேலை பார்க்கிறவங்களுக்கும் இந்த முடிவு வருது.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் முற்றினவங்களுக்கும், எஃப்.ஏ.பி. என்ற பரம்பரை பாலிப் நோய் இருக்கிறவங்களுக்கும் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துடுவாங்க. சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஜே எழுத்து மாதிரி மடிச்சு ஒரு பை செஞ்சு, ஆசனவாயோடு இணைப்பாங்க. அதுதான் ஜே-பவுச். நல்லா வேலை செஞ்சா ஒரு நாளைக்கு 4 முதல் 8 தடவை பாத்ரூம், வெளியே பை எதுவும் கிடையாது. பெரும்பாலானவங்களுக்கு இது பல வருஷம் ஓடும். ஆனா 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு காலப்போக்கில் பவுச் தோற்றுப்போகுது. அப்போ 15, 20 தடவை ஓட்டம், ராத்திரி கசிவு, ஓயாத ஆன்டிபயாடிக். அந்த நிலையில் டாக்டர் நிரந்தர இலியோஸ்டமி பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதாவது சிறுகுடலின் முனையை வயிற்றில் ஒரு திறப்பா வெச்சு, அதன் மேல் பை ஒட்டிக்கிறது.

இங்கே முதல்ல மனசுக்கு வர்ற வாக்கியம், "ரெண்டு மூணு ஆபரேஷன், இத்தனை லட்சம் செலவு பண்ணி வெச்ச பவுச்சாச்சே!" 100 ரூபாய்க்கு வாங்கின ஷேர் 30-க்கு வந்த பிறகும் "வாங்கின விலை வரட்டும்" என்று உட்கார்ந்திருப்போமே, அதே மனக்கணக்கு. போன பணம் போனதுதான். இனிமே போகப்போற பணமும் நாட்களும் மட்டும்தான் கணக்கில் வரணும். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. வித்த ஷேரைத் திரும்ப வாங்கலாம். வெட்டி எடுத்த பவுச்சைத் திரும்ப வைக்கிறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதனால "நஷ்டத்தை வெட்டு" என்ற ஷேர் மார்க்கெட் அறிவுரையை இங்கே அப்படியே கொண்டுவர வேண்டாம்.

எனவே முதல் செலவு, ஏன் தோற்குது என்று கண்டுபிடிக்கிற செலவு. பவுச்சுக்குள்ள வர்ற அழற்சியை பவுச்சைட்டிஸ் என்பாங்க. கோலைட்டிஸ்காரங்களில் பாதிப் பேர் வரைக்கும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பாங்க. அது வேற, இணைப்பு சுருங்கிப்போனது வேற, மிச்சம் விட்ட மலக்குடல் ஓரத்தில் அழற்சி வேற, கசிவால் வந்த குழிப்புண் வேற, கிரோன்ஸ் மாதிரி மாறினது வேற. சிலதை விரிச்சு விட்டாலே சரியாகும். சிலதுக்கு பவுச்சைத் திருத்திக் கட்டலாம். பவுச் ஸ்கோப்பியும் இடுப்பு எம்.ஆர்.ஐ.யும் எடுத்துட்டு, பவுச் ஆபரேஷன் நிறையப் பண்ற சர்ஜனிடம் ரெண்டாவது கருத்து கேளுங்க. வேலூர் சி.எம்.சி.யில் பெருங்குடல் அறுவை சிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் குடல் அறுவை சிகிச்சைத் துறை இருக்கு. இதுக்கு ஆகிற சில ஆயிரம் ரூபாயைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீங்க.

தீராத பவுச்சைட்டிஸ் என்றால் வெடோலிசுமாப் என்ற ஊசி மருந்தும் ஒரு வழி. ஐரோப்பாவில் 2022-ல் இதுக்கென்றே அனுமதி கொடுத்தாங்க. நம்ம ஊர் பாலிசிகளில் இந்த வகை மருந்து "நவீன சிகிச்சை" பட்டியலில் வரும், பல பாலிசிகளில் அதுக்குத் தனி உச்சவரம்பும் இருக்கும். ஊசி ஆரம்பிக்கும் முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிச்சிடுங்க.

இப்போ கணக்கு. கீழே வர்ற எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வெச்சது, உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க.

வயசு 31, கைக்கு வர்ற சம்பளம் 52,000 என்று வெச்சுக்குவோம். தோற்கிற பவுச்சோட ஒரு மாசம்: மருந்து 4,500, டாக்டர் மற்றும் ஸ்கோப் செலவை மாசத்துக்குப் பிரிச்சா 2,000, பயணம் 800, சம்பளமில்லாத லீவு மூணு நாள் 5,200. மொத்தம் 12,500.

இலியோஸ்டமியோட ஒரு மாசம்: தோலில் ஒட்டுற பிளேட்டை நாலு நாளைக்கு ஒண்ணு மாத்தினா 8 பிளேட், ஒண்ணு 350 வீதம் 2,800. பை ரெண்டு நாளைக்கு ஒண்ணு, 15 பை, 250 வீதம் 3,750. பேஸ்ட், பவுடர் 700. ஓ.ஆர்.எஸ்., வைட்டமின் 350. டாக்டர் 500. மொத்தம் 8,100. இந்தப் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி.யை 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைச்சாங்க. பில்லில் அதிகமா போட்டிருந்தா கேளுங்க.

மாசம் 4,400 மிச்சம். ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் போக கைக்காசு 80,000, லீவு தீர்ந்த பிறகு ஒரு மாசச் சம்பள இழப்பு 52,000, ஆக 1,32,000. இதை 4,400-ஆல் வகுத்தா 30 மாசத்தில் சரியாகிடும்.

அழகா இருக்கு இல்லையா? இப்போ ஒரே ஒரு எண்ணை மாத்துங்க. லீவு மூணு நாள் இல்லை, ஒரு நாள்தான் என்றால் மாச மிச்சம் 933 ரூபாய்க்கு இறங்கிடும். 30 மாசம், 141 மாசம் ஆகிடும்! மருந்து விலையும் பை விலையும் இந்த அளவுக்கு ஆட்டாது. நீங்க இழக்கிற வேலை நாட்கள்தான் மொத்தக் கணக்கையும் புரட்டிப் போடுது. அதனால மூணு மாசம் ஒரு நோட்டில் எழுதுங்க: எத்தனை நாள் லீவு, எத்தனை ராத்திரி தூக்கம் போச்சு, பாத்ரூமுக்குப் பயந்து எத்தனை மீட்டிங், டூர், பிரமோஷன் வேண்டாம் என்று சொன்னீங்க. கடைசியா சொன்னதுக்கு எக்செல்லில் கட்டம் கிடையாது, ஆனா நோட்டில் இருக்கட்டும். டாக்டருக்கும் அந்த நோட்டு ரொம்ப உதவும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பை செலவு ரிட்டயர்மென்ட்டோட நிக்காது. வருஷத்துக்கு 97,200. ஓய்வுகாலத்துக்கு ஆண்டுச் செலவின் 30 மடங்கு என்று கணக்கு வைக்கிறவங்க, இதுக்காக மட்டும் இன்றைய மதிப்பில் சுமார் 29 லட்சம் கூட்டிக்கணும். எஸ்.ஐ.பி. தொகையை அதுக்கேத்த மாதிரி ஏத்துங்க.

பணக் கணக்கு உதவாத இடத்துக்கு வருவோம். பவுச்சை முழுசா எடுக்கிற ஆபரேஷன் இடுப்புக்குள்ள ஆழமா நடக்குது. பாலுறவுக்கும் சிறுநீருக்கும் போற நரம்புகள் பக்கத்திலேயே இருக்கு. பின்பக்கப் புண் ஆற சிலருக்கு மாசக்கணக்கில் ஆகும். கல்யாணம், குழந்தை பற்றி யோசிக்கிற வயசு என்றால், கூச்சப்படாம இதை சர்ஜனிடம் நேராகக் கேளுங்க. விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றியும் கேளுங்க. "முதல்ல கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்வாங்க. நோயைத் தள்ளிப்போட்டு, வரப்போறவங்ககிட்ட மறைச்சு வைக்கிற யோசனை எனக்கு ஒப்பவே இல்லை.

இதுக்கு நடுவில் ஒரு வழி இருக்கு, நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. பவுச்சை உள்ளேயே விட்டுட்டு, அதுக்கு மேலே குடலைத் திருப்பி வயிற்றில் ஸ்டோமா வைக்கலாம். பையோட ஆறு மாசம், ஒரு வருஷம் வாழ்ந்து பார்க்கலாம். வேலை, தூக்கம், சாப்பாடு எப்படி மாறுதுன்னு தெரிஞ்ச பிறகு எடுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம். மருத்துவக் காரணம் தடுக்காத வரைக்கும், இளவயசுக்காரங்க முதல்ல இதைக் கேட்டுப் பார்க்கணும் என்பது என் கருத்து. இலவசம் இல்லை. உள்ளே இருக்கிற பவுச்சிலிருந்து சளி வரலாம், அழற்சி வரலாம், ஸ்கோப் பரிசோதனை தொடரும், பின்னாடி எடுத்தா ரெண்டாவது பில். இன்னொண்ணு, வளையமா வைக்கிற தற்காலிக ஸ்டோமா சிலருக்கு நிரந்தர ஸ்டோமாவை விட அதிகம் கசியும். சோதனைக் காலத்தில் கசிந்ததை வெச்சு "பையே இப்படித்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம்.

ரெண்டு கட்டமா போனா ஒரு லாபமும் உண்டு. டாக்டர் சம்மதிச்சா ரெண்டு ஆபரேஷனையும் ரெண்டு பாலிசி ஆண்டில் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் முழு காப்பீட்டுத் தொகை கிடைக்கும். அறை வாடகை வரம்பைத் தாண்டாதீங்க. தாண்டினா பல பாலிசிகளில் அறையோடு தொடர்புடைய மற்ற மருத்துவச் செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவாங்க. டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் செலவு கிடைக்கும், முதல் மாசப் பைகள் அதில் வருமான்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க.

கம்பெனி குரூப் பாலிசியில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர் இருக்கிறது வழக்கம். தனிப் பாலிசியில் 36 மாசம் வரை காத்திருக்க வைக்கலாம். அதனால ஆபரேஷன் பேச்சு நடக்கும்போது ரிசைன் பண்றவங்க, புது கம்பெனி பாலிசி வாசகத்தைப் பார்க்காம லெட்டர் கொடுக்க வேண்டாம். சம்பளம் 21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. இருந்தா, நிபந்தனைக்கு உட்பட்டு வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். பி.எஃப்.பில் மருத்துவ முன்பணம் இருக்கு, பர்சனல் லோனுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

பையே முடிவு என்றால், ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டோமா எங்கே வரணும்னு வயிற்றில் மார்க்கரால் குறிக்கச் சொல்லிக் கேளுங்க. மடிப்பில் வந்த ஸ்டோமா கசியும், நாலு நாள் வரவேண்டிய பிளேட் ரெண்டு நாளில் போகும், 2,800 ரூபாய் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். படுத்த நிலையில் மட்டும் குறிக்க விடாதீங்க. உட்கார்ந்து, நின்னு, குனிஞ்சு காட்டுங்க. பெல்ட் போடுற இடம், வேட்டி கட்டுற இடம், சேலை சொருகுற இடம், எது உங்களுக்குப் பொருந்துமோ அதையும் காட்டிட்டு வாங்க.