இரண்டு ரோபோகொப்: மறுஆக்கம் எங்கே தவறியது?

ஏற்கனவே வெளிவந்த ஒரு திரைப்படத்தின் கதையை மீண்டும் படமாக்குவதை மறுஆக்கம் என்கிறோம். தமிழ் இரசிகர்களுக்கு இது புதிதன்று. ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' 1980இல் வந்தது. 2007இல் அஜித்குமார் நடிப்பில் அதே கதை மீண்டும் வந்தது. சில மறுஆக்கங்கள் மூலப்படத்துக்கு நிகராக நிற்கின்றன. பல ஏமாற்றம் தருகின்றன. அதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள ஹொலிவூட்டின் 'ரோபோகொப்' நல்லதோர் உதாரணம். உயர்தரத்தில் ஊடகக் கற்கை பயிலும் மாணவி என்ற வகையில், 1987ஆம் ஆண்டுப் படத்தையும் 2014ஆம் ஆண்டு மறுஆக்கத்தையும் இங்கே ஒப்பிட்டு நோக்குகிறேன்.

முதற்படம் வயது வந்தோருக்கானது. எனவே வாப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடூரமான காட்சிகளைத் தாண்டிவிட்டே எங்களுக்குக் காட்டினார். பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

முதற்படம் (1987)

இதை இயக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த போல் வெர்ஹோவன். திரைக்கதையை முதலில் பார்த்தபோது, வெறும் அடிதடிக் கதை என்று அவர் அதை ஒதுக்கிவிட்டார். அவருடைய மனைவி வாசித்துப் பார்த்து, இதற்குள் வேறொன்றும் இருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பின்னரே சம்மதித்தார்.

கதை இதுதான். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரப் பொலிஸ் சேவையை ஓசீபி என்ற தனியார் கம்பனி நடத்துகிறது. அலெக்ஸ் மேர்ஃபி என்ற பொலிஸ்காரரை ஒரு குற்றக் கும்பல் கொன்றுவிடுகிறது. கம்பனி அவரது உடலில் எஞ்சியதை எடுத்து, உலோகக் கவசம் பூட்டி, நினைவுகளை அழித்து, இயந்திரப் பொலிஸாக மாற்றுகிறது. 'எந்திரன்' (2010) படத்தில் இயந்திரத்துக்கு மனித உணர்வு ஊட்டப்படுகிறது. இங்கே மனிதனிடமிருந்து அது பறிக்கப்படுகிறது. அவருடைய பெயரும் போய்விடுகிறது.

ஆனால் நினைவு முற்றாக அழியவில்லை. ஒருநாள் அவர் தனது பழைய வீட்டைத் தேடிச் செல்கிறார். வீடு வெறுமையாக இருக்கிறது, விற்பனைக்கு விடப்பட்டிருக்கிறது. மனைவியும் மகனும் எங்கோ போய்விட்டார்கள். வீடு வாங்க வருபவர்களுக்காக வைத்த ஒரு திரை, வீட்டின் வசதிகளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவர் அறை அறையாக நடக்கிறார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நினைவு வந்து மறைகிறது. இறுதியில் அந்தத் திரையைக் கையால் குத்தி உடைக்கிறார். வசனம் மிகக் குறைவு. ஆனால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் கடைசிக் காட்சியில் பெயர் என்ன என்று கேட்கப்படும்போது, அவர் "மேர்ஃபி" என்று சொல்லும் ஒரு சொல் நெஞ்சைத் தொடுகிறது.

மறுஆக்கம் (2014)

இரண்டாவது படத்தின் இயக்குநர் பிரேசில் நாட்டவரான ஜோசே படில்யா. முதற்படத்துக்குச் சுமார் 13 மில்லியன் டொலர் செலவானது; இதற்குச் சுமார் 100 மில்லியன். இது திறமையற்றவர்கள் எடுத்த படம் என்று சொல்ல முடியாது. கவசத்தைக் கழற்றியதும் தனது தலை, நுரையீரல், ஒரு கை போன்ற சிலவே மிஞ்சியிருப்பதை மேர்ஃபி காணும் காட்சி உலுக்குகிறது. சண்டையின்போது கணினி முடிவெடுக்க, அவர் தானே முடிவெடுப்பதாக நம்புகிறார் என்ற கற்பனையும் சிந்திக்க வைக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? இப்படத்தில் மேர்ஃபி கண் விழிக்கும்போதே தான் யார் என்று அறிந்திருக்கிறார். மனைவியும் மகனும் அதே வீட்டில் காத்திருக்கிறார்கள். பின்னர் அவரது உணர்வு குறைக்கப்படுகிறது. அதையும் அவர் விரைவில் மீறிவிடுகிறார். தேடிப் போக ஒன்றுமில்லாதவருக்குக் கண்டடையவும் ஒன்றுமில்லை.

தொடக்கக் காட்சியிலும் இதே குறைதான். டெஹ்ரான் நகரில் வீடு வீடாக மக்களை வெளியே அழைத்து இயந்திரங்கள் சோதனையிடுகின்றன. கத்தியோடு ஓடிவரும் சிறுவன் ஒருவன் சுடப்படுகிறான். துணிச்சலான தொடக்கம். ஆனால் அந்தக் குடும்பத்தின் பக்கம் கதை மீண்டும் திரும்புவதில்லை.

எங்கள் வீட்டில் கண்டது

முதற்படம் ஓடியபோது உம்மும்மா தஸ்பீஹோடு ஒரு மூலையில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதுவரை திரையைப் பார்க்கவுமில்லை. அந்த வெறும் வீட்டுக் காட்சி வந்ததும், "மகள், இவர்ர ஆக்கள் எல்லாம் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டார். இரண்டாவது படத்தில் அவர் எதையும் கேட்கவில்லை. ஆட்கள்தான் அங்கேயே நிற்கிறார்களே.

உம்மும்மா போர்க்காலத்தில் ஊர்காவற்றுறையை விட்டுப் போனவர். பல வருடங்களின் பின் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை, யன்னல் இல்லை, அறைக்குள் மரம் முளைத்திருந்தது. அவர் அழவில்லையாம். இது குடம் வைக்கிற இடம், இது பிள்ளைகள் படுக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம். வாப்பா எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகக் கட்ட நினைத்தபோது, "கிணத்தையும் வாசல் படியையும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார். இன்று எங்கள் வீடு புது வீடு. ஆனாலும் அவர் இரவில் விளக்கில்லாமலே அந்தப் படியில் கால் வைத்து இறங்குவார்.

மறுஆக்கமும் இத்தகையதே. கூரையை மாற்றலாம், சுவரை மாற்றலாம், நூறு மில்லியனும் செலவழிக்கலாம். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். சகோதரிகளே, அடுத்த முறை ஒரு மறுஆக்கத்தைப் பார்க்கும்போது, மூலப்படத்தின் வாசற்படி எது என்று முதலில் தேடுங்கள். அது புதிய படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படம் ஏன் மனதில் நின்றது, அல்லது ஏன் நிற்கவில்லை என்பது தானாக விளங்கும்.