தலையணை வர்ற இடத்துல நிறுத்துங்க

ராத்திரி தூக்கம் வரலேன்னு சொல்ற தங்கச்சிங்களே, மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தோட கடைசி ஏழு வசனத்தை எடுங்க. இயேசு காத்தையும் கடலையும் அடக்கின புதுமை. கத்தோலிக்கப் பூசையில மூணு வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வாசகமா வரும். 2024 ஜூன் 23ல செந்தூல் சூசையப்பர் கோயிலுக்குப் போனவங்க கேட்டிருப்பீங்க.

கலிலேயா ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கு, சுத்தி மேடு. காத்து மேட்டுல இருந்து திடீர்னு இறங்கும். மூணு மணிக்கு வெயில், நாலு மணிக்கு ஜாலான் ஈப்போவுல கொட்டுற மழை மாதிரிதான். 1986ல அந்த ஏரிச் சேத்துல ஒரு பழைய படகு கிடைச்சது, இயேசு காலத்தை ஒட்டினது. நீளம் எட்டு மீட்டர் சொச்சம், அகலம் 2.3 மீட்டர். அவ்வளவு சின்னப் படகுல தண்ணி ஏறுது, அவர் பின்பக்கம் தலையணை வச்சுத் தூங்குறார். தலையணையைச் சொன்னது மாற்கு மட்டும்தான்.

போனை அடுத்த ரூம்ல சார்ஜ் போட்டுட்டு, வசனத்தை வாய்விட்டு மெதுவா வாசிங்க. தலையணை வந்ததும் நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் மூச்சு மட்டும். இழுக்கிறதைவிட விடுறது நீளமா இருக்கட்டும். அப்புறம் மீதி.

சீடருங்க அங்கே பவ்யமா ஜெபம் பண்ணல. சாகப்போறோமே, உமக்குக் கவலையே இல்லையான்னு கத்துனாங்க. மாற்குல அவர் முதல்ல காத்தைத்தான் அதட்டுறார், ‘ஏன் பயம்’னு கேக்குறது அதுக்கப்புறம். (மத்தேயுவுல வரிசை மாறும்.) எனக்கு மாற்கு வரிசைதான் பிடிக்கும். அழுதுகிட்டு இருக்கிறவகிட்டப் போய் உனக்கு விசுவாசம் பத்தலேன்னு பிரசங்கம் வைக்காதீங்க, ப்ளீஸ்.

காத்து நின்னாலும் படகுக்குள்ள ஏறின தண்ணி அப்படியேதானே இருந்திருக்கும்? யாரோ மொண்டு ஊத்தியிருக்கணும். கார் தவணை, பையனோட எஸ்பிஎம், மாமியார் கோபம், எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க. நாளைக்கு மொள்ள வேண்டியது எதுன்னு ஒண்ணே ஒண்ணை மட்டும் வட்டம் போட்டுட்டு விளக்கை அணைங்க.

வாரக்கணக்கா தூக்கமே இல்லேன்னா ஜெபத்தோட நிறுத்திக்காதீங்க, கிளினிக் கெசிஹாத்தான்ல டாக்டரைப் பாருங்க. நடுராத்திரியில மனசு விட்டுப் பேச ஆள் வேணும்னா பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 24 மணி நேரமும் போன் எடுப்பாங்க: 03-7627 2929.